திருத்திய கை யாருடையது?

1862ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாகி வெளிவந்த வின்சுலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதியைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். 67,452 சொற்களைக் கொண்ட அப்பெரு நூலின் முகப்புப் பக்கத்தில் வின்சுலோவின் பெயர் இருக்கிறது. காலஞ்சென்ற நைற் பாதிரியாரின் கையெழுத்துச் சேகரங்கள் பயன்பட்டமை அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. தகுதி வாய்ந்த சுதேச அறிஞர்கள் துணைபுரிந்தனர் என்ற செய்தியும் உண்டு. அந்த அறிஞர்களுக்கு மட்டும் அப்பக்கத்திலே பெயரில்லை.

இவ்வகராதியின் பிறப்பிடம் யாழ்ப்பாணம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1833ஆம் ஆண்டில் நைற் பாதிரியார் இங்கே சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். பின்னர் அவர் இறந்தார். தொகுப்பின் தமிழ்ப் பகுதி 1842இல் மானிப்பாயில் அச்சேறியது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அந்நூலில் 58,500 சொற்கள் உள. அதனை ஆக்கியோர் சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப்பிள்ளையும் என்பது இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. பின்னர் அச்சேகரம் சென்னைக்குச் சென்றது; வேறு கைகள் கூட்டின, வேறு கைகள் கழித்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பலர் உழைத்த உழைப்பு இறுதியில் ஒருவர் பெயரிலே நிலைபெற்றது. இன்று அந்நூலின் ஏதேனும் ஒரு சொல்லுக்கு நேரே விரலை வைத்து, இதற்குப் பொருள் எழுதியவர் யார், அதை மாற்றியவர் யார், மாற்றியது ஏன் என்று கேட்டால், விடை கூற வல்ல சான்று நூலினுள்ளே எதுவுமில்லை.

விவிலிய மொழிபெயர்ப்பின் கதை இதனினும் சுவையானது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவல் பாதிரியார், அப்பொழுது நாவலர் பட்டம் பெற்றிராத நல்லூர் ஆறுமுகத்தைத் துணையாகக் கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மொழிபெயர்ப்பை உருவாக்கினார். அது 1850இல் வெளிவந்தது. சென்னையிலிருந்தோர் அதனை ஏற்கவில்லை. ஒரே மூலத்துக்கு யாழ்ப்பாணத்திலே ஒரு வடிவமும் தமிழகத்திலே வேறு வடிவங்களுமாக நின்றன. முடிவில் போவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. யாழ்ப்பாணத்தின் சார்பில் ஸ்போல்டிங் பாதிரியாரும் அதிற் கலந்துகொண்டார். 1871இல் வெளியான அத்திருத்தம் ஐக்கியத் திருத்தம் எனப் பெயர்பெற்றது. பிரிந்த இரு வடிவங்களை ஒன்றாக்க 21 ஆண்டுகள் சென்றன. அவற்றுள் எந்த வசனம் பெர்சிவலின் கை, எந்த வசனம் ஆறுமுகத்தின் கை என்று பகுத்தறிய இன்று நமக்கு வழியில்லை.

பலர் கூடி ஒரு நூலை ஆக்கும்போது மூன்று வினாக்கள் தவிர்க்கவியலாதனவாய் எழுகின்றன. இன்று செல்லுபடியாகும் வடிவம் எது? எதனை யார், எப்பொழுது மாற்றினார்? அம்மாற்றங்களின் பதிவு யாருடைய கையிலே இருக்கிறது? ஏட்டுச்சுவடிக் காலத்திலே இவ்வினாக்களுக்கு விடையில்லாமையினாலேதான் பாடபேதம், இடைச்செருகல் என்னும் சொற்கள் நம் புலமை மரபில் இத்துணை இடம் பெற்றன. கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பட்ட பாடெல்லாம், பெயர் பொறிக்காது திருத்திச் சென்ற கைகளோடு பட்ட பாடு எனலாம்.

சென்ற அரை நூற்றாண்டில் இதே மூன்று வினாக்களையும் புதியதோர் உழைப்பாளர் கூட்டம் எதிர்கொண்டது. கணினிக்கு நிரல் எழுதுவோரே அவர். மென்பொருள் என்பதும் எழுத்தினால் ஆகிய நூலே. பல்லாயிரம் வரிகளை நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் எழுதித் திருத்துகின்றனர். ஒருவரது திருத்தம் மற்றவரது திருத்தத்தை அழித்துவிட்டால் இயந்திரமே நின்றுவிடும். புலவர்கள் முரண்பட்டால் நூல் தாமதிக்கும். நிரலாளர் முரண்பட்டால் வங்கியும் வைத்தியசாலையும் ஸ்தம்பிக்கும். ஆகவே அவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் பெயரோடும் நாளோடும் காரணத்தோடும் பதிந்துவைக்கும் கருவிகளைத் தமக்கெனச் செய்துகொண்டனர். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று அவற்றைக் குறிப்பிடலாம்.

இவை நமக்குத் தொலைவான பொருள் என்று வாசகர் கருதவேண்டியதில்லை. நம் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு தவணைப் பரீட்சைத் தாளைத் தயாரிக்கும்போது பென்ட்ரைவ் கைக்குக் கை மாறுவதைக் கண்டவர்க்கு இதன் தேவை உடனே விளங்கும். ‘இறுதி’ என்று ஒரு கோப்பு, ‘இறுதி 2’ என்று ஒன்று, ‘மெய்யான இறுதி’ என்று மற்றொன்று. ஏழாம் வினாவைத் திருத்தியவர் யாரென்று அதிபர் கேட்டால் எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்ப்பர்.

இக்கருவிகளுள் முதலாவதாகக் கருதப்படுவது 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொக்கைன்ட் என்பவர் ஆக்கிய எஸ்.சி.சி.எஸ். என்பதாகும். 1982இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் ரிச்சி ஆர்.சி.எஸ். என்னும் கருவியை வெளியிட்டார். கணினியில் இடம் அருமையாயிருந்த காலம் அது. கோப்பின் அண்மைய வடிவத்தை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, பழைய வடிவங்களை ‘இங்கே இவ்வரி இருந்தது, அங்கே அவ்வரி இல்லை’ என்னும் வேறுபாடுகளாக மட்டும் சேமித்துவைப்பதே ரிச்சியின் உபாயம். அண்மைய வடிவம் உடனே கிடைக்கும். பழையது வேண்டின் பின்னோக்கி நடந்து செல்லவேண்டும்.

ஆயின் இவற்றின் அடிப்படை பூட்டு. ஒரு கோப்பைத் திருத்த விரும்புவோர் முதலில் அதனைத் தம் பெயரிற் பூட்டிக்கொள்ள வேண்டும். அவர் திறந்துவிடும் வரை ஏனையோர் வாசிக்கலாம், எழுத முடியாது. யாழ்ப்பாணத்து வாசகர்க்குப் பங்குக் கிணற்றை நினைவூட்டினாற் போதும். தோட்டக் கிணற்றில் பங்குடையோர் பலர். இறைப்பு முறையோ ஒரு வேளையில் ஒருவருக்கே. முறைகாரன் கொழும்புக்குப் போய்விட்டால் மற்றவனின் வெங்காயம் வாடும். ஆர்.சி.எஸ். கருவியைக் கையாண்ட குழுக்களிலும் இதே தொல்லை நேர்ந்தது. கோப்பைப் பூட்டியவர் விடுமுறையிற் சென்றுவிட்டால் வேலை நிற்கும். நீர் ஒருவர் இறைத்தால் மற்றவர்க்குக் குறையும். ஆதலால் கிணற்றுக்கு முறை வேண்டும். நிரல் அவ்வாறு குறைவதன்று. பிரதியெடுக்க எடுக்கப் பெருகும் பொருளுக்குக் கிணற்றின் முறையை விதித்தது ஏன் என்ற கேள்வி எழவே செய்தது.

அதற்கு விடை ஆம்ஸ்ரர்டாம் நகரத்திலிருந்து வந்தது. அங்கேயுள்ள வ்ரைய பல்கலைக்கழகத்தில் டிக் குரூன என்னும் ஆசிரியர் மாணவர் இருவருடன் சேர்ந்து 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஒரு மொழிமாற்றி நிரலை எழுதிக்கொண்டிருந்தார். மாணவருள் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் போகும் ஒழுங்குடையவர். மற்றவர் நினைத்த நேரத்தில் வருபவர். ஆசிரியருக்கோ மாலைப்பொழுதுகளே ஓய்வு. மூவரும் ஒருவர்க்காக ஒருவர் காத்திருந்தால் வேலை நடவாது. ஆகவே குரூன, ஆர்.சி.எஸ். மீது ஏறி நின்று, பூட்டை நீக்கிய ஓர் ஒழுங்கை உருவாக்கி 1986இல் வெளியிட்டார். பின்னர் பிரயன் பேர்லினர் அதனை விரிவாகத் திருத்தி எழுதினார். அதுவே சி.வி.எஸ். எனப் பெயர் பெற்று, அடுத்த பதினைந்து ஆண்டுகள் உலகின் திறந்த மென்பொருள் முயற்சிகளிற் பெரும்பாலானவற்றைத் தாங்கி நின்றது. சமுதாயத் தேவை கருவியைப் பிறப்பிக்கும் என்பதற்கு இத்துணை எளிய சான்று வேறு கிடைப்பது அரிது: மூன்று பேருடைய நேரசூசிகள் ஒத்துவராமையால் ஒரு தொழிற்றுறையின் வேலைமுறையே மாறிற்று.

சி.வி.எஸ். முறையில் ஒவ்வொருவரும் ஒரு பிரதியை எடுத்துச் சென்று தம் விருப்பப்படி திருத்திப் பின்னர் பொதுக் களஞ்சியத்திற் சேர்ப்பர். இருவர் வெவ்வேறு இடங்களைத் திருத்தியிருந்தால் கருவியே இரண்டையும் இணைத்துவிடும். ஒரே வரியை இருவர் இருவிதமாய்த் திருத்தியிருந்தால், இரு பாடங்களையும் அடுத்தடுத்து நிறுத்திக் குறியிட்டுக் காட்டும். தீர்ப்பை மனிதரிடம் விட்டுவிடும். பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காட்டும் நல்ல பதிப்பாசிரியரின் ஒழுக்கம் இது. யாழ்ப்பாணத்தாரும் சென்னையாரும் 21 ஆண்டுகள் வழக்காடியதை எந்தக் கருவியும் தீர்த்திராது. எங்கெங்கே வேறுபட்டனர் என்பதை மட்டும் முதல் நாளிலேயே காட்டியிருக்கும்.

குறைகளும் இருந்தன. சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே நோக்கியது. பத்துக் கோப்புகளைத் தழுவிய ஒரு மாற்றத்தைச் சேர்க்கும்போது நடுவில் தொடர்பு அறுந்தால், ஐந்து புதியனவாகவும் ஐந்து பழையனவாகவும் நின்றுவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு அறுந்துபோகும். இவற்றைக் களையும் நோக்குடன் 2000ஆம் ஆண்டில் கொலப்நெற் என்னும் நிறுவனத்தின் ஆதரவிலே தொடங்கப்பட்டதே சப்வேர்ஷன். அதன் முதற் பதிப்பு 2004 பெப்ரவரியில் வெளிவந்தது. ஒரு மாற்றம் முழுமையாகச் சேரும், அல்லது அடியோடு சேராது. தொகுதி முழுவதற்கும் ஒரே தொடரிலக்கம் உண்டு. சீரிய, அடக்கமான கருவி. இன்றும் பெரிய படக் கோப்புகளையும் ஒலிக் கோப்புகளையும் கையாளும் குழுக்களுக்கும், இன்னார் இன்ன பகுதியைத்தான் திறக்கலாம் என வரையறுக்க விரும்பும் அலுவலகங்களுக்கும் அது பொருத்தமானதே.

நம் தீவிலே இக்கருவிகள் அரியதொரு பணிக்குப் பயன்பட்ட கதையை இங்கே சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்கள் பட்ட அழிவை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கின்றனர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எங்கே எது தேவை என்பவற்றை ஒழுங்குபடுத்தக் கொழும்பிலிருந்த நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள் தரும் ‘சகனா’ என்று அதற்குப் பெயரிட்டனர். லங்கா சொப்ற்வெயார் பவுண்டேசன் அம்முயற்சியை ஒருங்கிணைத்தது. நிரல் எவர்க்கும் உரியதாகத் திறந்து வைக்கப்பட்டது. அதனைச் சேமித்த சோர்ஸ்போர்ஜ் என்னும் பொதுத்தளத்தில் அக்காலத்திற் கிடைத்த கருவி சி.வி.எஸ். ஒன்றே. பல நிறுவனங்களைச் சேர்ந்த, முன்பின் ஒருங்கே உழைத்திராத மனிதர், வேலைத்தலத்தில் தமக்குக் கிடைத்த இடைவேளைகளில் எழுதிச் சேர்த்தனர். பூட்டு முறை இருந்திருப்பின் அது நடந்திராது.

2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010ஆம் ஆண்டு ஹெயிட்டிப் பூகம்பத்திலும் சகனா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமுதாய நலப் பரிசைச் சுதந்திர மென்பொருள் நிறுவனம் அதற்கு அளித்தது. ஏழை நாடொன்றின் துயரிலே பிறந்த கருவி பிற ஏழை நாடுகளுக்குச் சென்றது. பின்னர் சகனா தன் பதிவேட்டை பசார் என்னும் புதிய கருவிக்கும், அதன் பின் கிற் என்னும் கருவிக்கும் மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தின் காரணத்தை அறியவேண்டின் லினக்ஸ் கதைக்குச் செல்லவேண்டும்.

சி.வி.எஸ்., சப்வேர்ஷன் இரண்டிலும் வரலாறு முழுவதும் நடுவிலுள்ள ஒரு கணினியிலேயே தங்கியிருந்தது. உழைப்போர் கையில் இருந்தது அன்றைய வடிவம் மட்டும். வலைத்தொடர்பு அறுந்தால் பதிய முடியாது. பழைய வடிவத்தைப் பார்க்கவும் முடியாது. நடுக்கணினி அழிந்தால், வேறு பிரதி எடுத்து வைத்திராவிடில், வரலாறே போகும். 1990ஆம் ஆண்டிலிருந்து பல்லாண்டுகள் மின்சாரமும் தொலைபேசியுமின்றி வாழ்ந்த குடாநாட்டார்க்கு, ‘தொடர்பு எப்போதும் இருக்கும்’ என்னும் எடுகோளின் மீது கட்டப்பட்ட எந்த ஏற்பாடும் எவ்வளவு பலவீனமானது என்பது பட்டறிவு.

லினக்ஸ் இயங்குதளத்தை ஆக்கிய லினஸ் ரோவால்ட்ஸ் நடுக்களஞ்சிய முறையை வெறுத்தார். உலகெங்கிலுமிருந்து தமக்கு மின்னஞ்சலில் வந்த திருத்தங்களை அவர் நெடுங்காலம் கையாலேயே சேர்த்துவந்தார். 2002இல் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கையாளத் தொடங்கினார். ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைக்கும் சிறப்பு அதற்கு இருந்தது. ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. திறந்த மென்பொருள் எழுதுவோர் பணமின்றிப் பயன்படுத்தலாம். அதற்குப் போட்டியான கருவி ஒன்றை ஆக்குவதில் ஈடுபடக்கூடாது என்பது நிபந்தனை. நிலத்தை இனாமாகத் தந்து, வேறு நிலம் உழலாகாது என்று விதிக்கும் உடைமையாளனின் தயவு இது. அன்றே பலர் எச்சரித்தனர். அன்ட்ரூ ரிட்ஜெல் என்பார் அக்கருவியின் சேவைக் கணினியோடு உரையாடும் வேறொரு நிரலை எழுத முற்பட்டபோது, 2005 ஏப்ரலில் நிறுவனம் இலவச உரிமையை மீளப் பெற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கானோரின் கூட்டுழைப்பு ஒரு முதலாளியின் சொல்லினால் ஆதாரமிழந்து நின்றது.

அம்மாதம் 3ஆம் தேதி ரோவால்ட்ஸ் புதிய கருவியொன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அக்கருவி தன் வரலாற்றைத் தானே பதிந்துகொள்ளும் நிலையை எய்தியது. அதுவே கிற். அவ்வாண்டு யூன் மாதம் வெளியான லினக்ஸ் பதிப்பு அதன் துணைகொண்டே உருவாயிற்று. யூலை மாதத்தில் அதன் பராமரிப்பை யூனியோ ஹமானோ ஏற்றார். அதே ஏப்ரலில், அதே இடரின் விளைவாக, ஒலிவியா மெக்கால் மேர்க்கூரியல் என்னும் கருவியைத் தந்தார். கற்போர்க்கு மேர்க்கூரியலே எளிது என்பது என் கருத்து. கிற் கருவியின் கட்டளைகள் பல கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவன. ஆயினும் பெருங்கூட்டம் கிற்றின் பக்கம் சென்றது. மேர்க்கூரியலைத் தாங்கிய பெரிய தளமான பிற்பக்கற் 2020இல் அதனைக் கைவிட்டது. சிறந்தது என்பதனால் மட்டும் ஒரு கருவி நிலைப்பதில்லை. யாரோடு சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கிற் கருவியின் உள்ளமைப்பிலே தமிழ் மாணவனைக் கவரும் ஒன்றுண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் அது 40 குறிகளைக் கொண்ட ஓர் அடையாளத்தைக் கணித்துத் தருகிறது. அப்பதிவின் உள்ளடக்கமும் அதற்கு முந்திய பதிவின் அடையாளமும் அக்கணிப்பிற் சேரும். எனவே பழைய பதிவொன்றில் ஓர் எழுத்தை எவரேனும் மாற்றினால், அன்றுமுதல் இன்றுவரையுள்ள அடையாளங்கள் யாவும் மாறிவிடும். தம் பிரதியில் ஒருவர் அவ்வாறு செய்யலாம். ஏனையோரின் பிரதிகளோடு ஒப்பிட்ட கணமே குட்டு வெளிப்படும். இடைச்செருகலை ஒளிக்க இடமில்லை. திருத்தியவர் பெயரைப் பொறுத்தமட்டில் இத்துணை உறுதி சொல்லவியலாது. அவர் தாமே இட்டுக்கொண்ட பெயரைத்தான் கருவி பதிகிறது. கையொப்ப முறையையும் சேர்த்துக்கொண்டாலன்றி அது மெய்யென்று கொள்ளுவதற்கில்லை.

ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறு இருத்தல் என்னும் இக்கொள்கை யாழ்ப்பாணத்துக் காதில் வேறு விதமாக ஒலிக்கிறது. 1981 மே 31ஆம் தேதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சுநூல்களுட் பலவற்றுக்கு வேறு பிரதிகள் உலகில் எங்கேனும் இருந்தன. ஏட்டுச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் பழைய பத்திரிகைத் தொகுதிகளுக்கும் அவ்வாறில்லை. நடுவே ஓரிடத்தில் ஒரு பிரதி என்னும் ஏற்பாடு அவ்விரவோடு முடிந்தது. எரித்தவரின் குற்றத்தை ஏற்பாட்டின் மீது சுமத்தலாகாது. எனினும் பரவலாகப் பிரதி இருந்திருந்தால் எரித்தவரின் நோக்கம் நிறைவேறியிராது என்பதும் உண்மையே. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து உலகெங்கும் எட்டச் செய்து வருவதும் இந்த உணர்விலேதான். அதன் பக்கங்களிலே செய்யப்படும் திருத்தங்களுக்கும், எவர் எப்போது செய்தார் என்னும் வரலாறு உண்டு.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் நடப்பதில்லை. யாவர்க்கும் பகிரப்பட்ட கருவியைச் சுற்றி மீண்டும் ஒரு நடுவம் எழுந்தது. 2008இல் தொடங்கிய கிற்ஹப் என்னும் தளம் உலகின் நிரல்களிற் பெரும்பகுதியைத் தன்னிடம் ஈர்த்துக்கொண்டது. 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை 750 கோடி டொலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. பொருளாதாரத் தடை என்ற சொல்லை நாம் அகராதியிலிருந்து கற்கவில்லை. முடக்கப்பட்டவர்க்கு ஓர் ஆறுதல் இருந்தது: தம் கணினியிற் பிரதி வைத்திருந்தோரிடம் முழு வரலாறும் இருந்தது. கிற் அந்த அளவுக்குத் தன் வாக்கைக் காத்தது. தளத்தில் மட்டும் இருந்த விவாதங்களும் குறைநிரல்களும் உரிமையாளரின் பக்கத்தில் நின்றுவிட்டன. சொந்தச் சேவைக் கணினி ஒன்றிலே களஞ்சியத்தை வைத்துக்கொள்ளும் வழி எவர்க்கும் திறந்திருக்கிறது. அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் அதனைச் செய்யலாம்.

திருத்தங்களை ஏற்கும் அதிகாரம் யாரிடம் என்பதும் கருவியினால் தீர்வதில்லை. 1707இல் ஒல்லாந்தரின் அலுவலர் கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது, அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. அவர்கள் சரியென்றனர், அதுவே சட்டமாயிற்று. அவ்வழமையால் ஆளப்பட்ட குடிமைகளிடமும் அடிமைகளிடமும் எவரும் கேட்கவில்லை. கிற் களஞ்சியத்திலும் எவரும் பிரதி எடுக்கலாம், எவரும் திருத்தலாம். மூலத்தில் அதனைச் சேர்க்கும் உரிமை சிலர் கையிலேயே இருக்கிறது. அச்சிலர் யார், அவர்களை அமர்த்தியது யார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

கிற் கருவியில் ஒரு கட்டளையுண்டு. கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் நேரே அதனைக் கடைசியாக எழுதியவரின் பெயரையும் நாளையும் அது காட்டும். அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரின் பொருள் ‘குற்றஞ்சாட்டு’ என்பது. சப்வேர்ஷனை ஆக்கியோர் அதே கட்டளைக்குப் ‘புகழ்’ என்று இன்னொரு பெயரும் வைத்தனர். அவர்கள் மனிதரை அறிந்தவர்கள். சந்திரசேகர பண்டிதருக்குக் கிடையாத அந்தப் பெயர்ப்பதிவு, போருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் அமைந்த மென்பொருள் அலுவலகங்களிலே அயல்நாட்டு வாடிக்கையாளர்க்காக எழுதும் நம் இளைஞர்க்கு ஒவ்வொரு வரியிலும் கிடைக்கிறது. நிரல் அவர்களுடையதன்று. அவர்கள் விலகிய பின் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் உரிமையும் அவர்களுக்கில்லை. எத்தனை பதிவு செய்தாய் என்று எண்ணி உழைப்பை அளக்கும் முகாமையாளர்க்கு அதே ஏடு கோலாகவும் ஆகிவிடும். பண்டிதரின் நிலையினின்று இது முன்னேற்றமே. எவ்வளவு முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

தமிழ் நூற்பணிக்கு இக்கருவிகளைக் கையாள எண்ணுவோர்க்கு, அகராதித் தொகுப்போ கலைச்சொற் பட்டியலோ பாடக்குறிப்போ எதுவாயினும், கிற் இன்று போதுமானது என்றே சொல்வேன். இரண்டு சிறு தடைகள் உண்டு. அது வரி வரியாக ஒப்பிடும் இயல்பினது. நாமோ ஒரு பந்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டச்சுச் செய்யும் வழக்கமுடையோம். அப்போது ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பந்தி முழுவதும் மாறியதாகவே காட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் அத்தொல்லை தீரும். மற்றையது, கோப்புக்குத் தமிழிற் பெயரிட்டால், ஆங்கிலமல்லாத எழுத்தைக் கண்ட கிற் அதனை எழுத்தாகக் காட்டாது. 340, 256 என எண்களாகப் பெயர்த்துக் காட்டும். கோப்புக்கு ஏதும் கேடில்லை. கோட்பாத் என்னும் அமைப்பை ஒருமுறை நிறுத்திவிட்டால், மறுகணம் திரையிலே தமிழ்ப் பெயர் தமிழாகவே தோன்றும்.